டிபன் டப்பாவுக்குள் ஒரு கரகரப்பு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு அலுமினிய டிபன் டப்பா இருக்கிறது. திறந்து பார்த்தால் தயிர்சாதம் இருக்காது. மேலே இரண்டு திருகு, காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. கிடாரின் ஒயரை ஒரு ஓட்டையில் செருகி, மற்றதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்து, ஸ்விட்சை ஒரு மிதி மிதித்தால் போதும். அதுவரை சமர்த்தாகப் பாடிக்கொண்டிருந்த கிடார் உறும ஆரம்பித்துவிடும். டிஸ்டார்ஷன் பெடல் என்று பெயர். தங்கமணி வைத்திருக்கும் பெயர் 'மிக்ஸி'.

மகளுக்குப் போன வருஷம் கிடார் பைத்தியம் பிடித்தது. எலெக்ட்ரிக் கிடார் வாங்கிக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமே "பெடல் இல்லாம இது வேஸ்ட்ப்பா" என்றாள். கடையில் கேட்டேன். அவர்கள் சொன்ன விலையில் மும்பை முலுண்டிலிருந்து தென்காசிக்குக் குடும்பத்தோடு போய்வந்துவிடலாம். அப்படி உள்ளே என்னதான் வைத்திருக்கிறான் என்று சர்க்யூட் படத்தைத் தேடிப் பார்த்தேன். 1970களில் வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் என்கிற பெடலின் படம் கிடைத்தது. ஒரு 741 ஐசி, இரண்டு டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பாட்டரி. அவ்வளவுதான். "இதை நாமளே செஞ்சுடலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்காசியில் நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அம்மா போனபிறகு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். ஏழாவது மாடி. இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. லிஃப்டில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பார். மற்ற நேரமெல்லாம் பால்கனி நாற்காலிதான். காலையில் நாங்கள் கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே பக்கம். "ஊருக்குப் போறேன்டே" என்பதைத் தவிர மூன்று மாதத்தில் என்னிடம் அதிகம் பேசவில்லை. 76 வயசில் தனியாக எப்படி விடுவது? வெளியூரில் பிழைக்கிற நம்மில் பல பேருக்கு இது தெரிந்த கேள்விதான். என்னிடமும் பதில் கிடையாது.

பெடல் வேலையை அப்பா கண்ணில் படாமல் மகள் அறையில்தான் ஆரம்பித்தேன். காரணம் இருக்கிறது. ஒரு சின்னக் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

1991. எனக்குப் பதினாறு வயசு. கூட்டாளி ஒருத்தனிடம் கிடார் இருந்தது. ரெக்கார்டு பிளேயரின் பழைய கிரிஸ்டல் பிக்கப் ஒன்றை அதன் வயிற்றில் ஒட்டி, ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு வால்வு ரேடியோவின் பின்பக்கம் செருகி, வால்யூமை முழுக்கத் திருகினேன். வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! கிடார் மாதிரியே இல்லை, ஏதோ மிருகம் மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் ஸ்பீக்கர் கிழிந்தது. அப்பா அடிக்கவில்லை. கைக்காசு போட்டு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்தார். "இனி கடைப் படி ஏறாத" என்று ஒரே ஒரு வார்த்தை. நானும் ஏறவில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் படித்து, பம்பாய் ரயில் ஏறி, இதோ இங்கே. அவர் தொழிலில் ஒரு சால்டரிங்கூட அவரிடம் நான் கற்றுக்கொள்ளவில்லை.

சரி, பெடலுக்கு வருவோம். பெண்ணும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் போர்டில் பற்றவைத்து முடித்தோம். பாட்டரி மாட்டினால் பெடல் ஊமை. ஐசியை மாற்றினோம். ஊமை. மூன்றாவது ராத்திரி பதினோரு மணிக்குக் கதவருகே ஒரு குரல்.

"ஈயம் உருக்குத வாசனை வருதே?"

மாட்டிக்கொண்டேன். என்ன செய்கிறோம் என்று பேத்திதான் விளக்கினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தத்தைக் கெடுக்கதுக்கா இம்புட்டு வேலை? நான் நாப்பது வருசம் இந்தக் கரகரப்பை எடுக்கத்தாம்ல சோறு தின்னேன்."

ஆனாலும் எழுந்து போகவில்லை. "பின்னால இருந்து முன்னால வரணும்ட்டி" என்று பேத்திக்குப் பாடம் ஆரம்பமானது. முதலில் ஆம்ப்ளிஃபயர் ஒயரின் நுனியை விரலால் தொட்டார். 'கிர்ர்' என்றது. "ஆம்ப்ளிஃபயருக்கு உசுரு இருக்கு." அப்புறம் பெடலின் அவுட்புட், அதற்கு முந்தைய இடம் என்று ஸ்குரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கே கிர்ர் நிற்கிறதோ அங்கேதான் கள்ளன். ஐசி பக்கத்தில் நின்றது. மீட்டரைக் கேட்டார். ஆறாவது காலில் பாட்டரியில் பாதி, அதாவது நாலரை வோல்ட் இருக்க வேண்டுமாம். இரண்டுகூட இல்லை. மூன்றாவது காலுக்கு அந்தப் பாதி வோல்ட்டைக் கொண்டுவரும் ரெசிஸ்டரை நகத்தால் லேசாக அசைத்தார். ஆடியது.

"ட்ரை சால்டர். உங்கப்பன் வச்சதா?"

நான் வைத்ததுதான். "கை நடுங்குது, நீ வையி" என்று பேத்தியிடம் அயர்னைக் கொடுத்தார். அவள் வைத்தாள். ஸ்விட்சை மிதித்தாள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் இன்டர்காமில் கூப்பிட்டார். அந்த அளவுக்கு வேலை செய்தது.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அப்பாவே ஆரம்பித்தார். அந்த இரண்டு டயோடு எதற்கு என்று ராத்திரி பூரா யோசித்தாராம். பேத்திக்கு அவர் சொன்ன விளக்கத்தை இதுவரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. "படியில அரிசி அளக்கோம்லா? கும்பமா குவிச்சா அது கிடாரோட நிஜச் சத்தம். கையால தலை தட்டிட்டா மேல மட்டமாப் போயிருதுல்ல, அதாங் இது. ஐசி சத்தத்தைக் குவிக்குது. டயோடு தலை தட்டுது."

அவ்வளவேதான் விஷயம். கிடாரிலிருந்து வருகிற சின்ன மின்னலையை ஐசி இருநூறு மடங்கு வரை பெருக்கும். சிலிக்கன் டயோடு சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் போக விடாது. ஒன்று அலையின் மேல் பக்கத்தைத் தட்டும், தலைகீழாக மாட்டிய இன்னொன்று கீழ்ப் பக்கத்தைத் தட்டும். வட்டமாக இருந்த அலை சதுரமாகிறது. அந்த மூலைகளிலிருந்துதான் புதுப்புது மேல் சுரங்கள் கிளம்புகின்றன. நம் காதுக்கு அதுதான் உறுமல்.

நானும் என் பங்குக்கு நான் படித்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றை ரெக்கார்டிங் செய்தபோது மிக்ஸரில் ஒரு சானல் கெட்டுப்போய்க் கரகரத்ததாம். அதை அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். அதே சத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்க 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்று ஒரு பெட்டி வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை வைத்து வாசித்த 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' உலகம் பூரா ஒலித்தது.

அப்பா கேட்டார்: "அப்ப அந்த மிக்ஸரை ரிப்பேர் பண்ணவே இல்லியா?"

தொழில்காரர் கவலை அவருக்கு.

அடுத்த பிரச்சினையை மகள் கொண்டுவந்தாள். சத்தம் ரொம்பக் கூர்மையாம், காதில் குத்துகிறதாம். அசல் பெடலில் ஜெர்மேனியம் டயோடுதான் இருந்தது, அது கொஞ்சம் மெத்தென்று வெட்டும் என்றேன். அது 0.3 வோல்ட்டிலேயே மெல்லத் தட்ட ஆரம்பித்துவிடும். "ஜெர்மேனியமா? ஓஏ79 போடு. ரேடியோல டிடெக்டருக்குப் போடுவோம்லா" என்றார் அப்பா, ஏதோ பக்கத்துத் தெரு ஆளைச் சொல்வது மாதிரி.

சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடு, அங்கிருந்து லேமிங்டன் ரோடு. சென்னைக்கு ரிச்சி தெரு மாதிரி மும்பைக்கு இது. நாலைந்து கடையில் 'ஜெர்மேனியம்' என்றதும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு சின்னக் கடை. கல்லாவில் அப்பா வயசில் ஒரு குஜராத்திப் பெரியவர். நான் இந்தியில் ஆரம்பிப்பதற்குள் அப்பா முன்னால் போய் நின்று, "ஓஏ79" என்றார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓஏ79?"

"ம். ஏசி128?"

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏசி187, 188!"

"பிஎஃப்194!"

"எஸ்எல்100!"

"எஸ்கே100!"

எல்லாம் பழைய டயோடு, டிரான்சிஸ்டர் நம்பர்கள். இந்தி ஒரு வார்த்தை இல்லை, தமிழ் ஒரு வார்த்தை இல்லை. நானும் மகளும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றோம். பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்தார். கட்டிங் சாய் வந்தது. தூசி படிந்த ஒரு டிராயரிலிருந்து கண்ணாடி டயோடுகள் வந்தன. அப்பா ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்து ஆறு பொறுக்கினார். மும்பைக்கு வந்தபிறகு அவர் வெளியாள் ஒருத்தரோடு உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். முழுசாக முக்கால் மணி நேரம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தாத்தா பேத்தி ராஜ்ஜியம். ஜெர்மேனியம் சூடு தாங்காது, நோஸ் பிளேயரால் காலைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தால் சூடு பிளேயருக்குப் போய்விடும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். டயோடு மாற்ற ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். ஒரு பக்கம் ஜெர்மேனியம், ஒரு பக்கம் சிலிக்கன், நடுவில் சிவப்பு எல்.இ.டி. எல்.இ.டி. 1.7 வோல்ட் வரை விடும் என்பதால் சத்தமும் பெரிசு. தடித்த கம்பிகளின் ஓசை மெலிந்து கேட்கிறது என்று 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 0.1 போட்டாள். கனம் வந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தபோது டியூப்லைட் இரைச்சல் எல்லாம் உள்ளே வந்தது. உலோகத்தில் போட்டு எர்த்தோடு சேர்க்கச் சொன்னார் அப்பா. அப்படித்தான் தங்கமணியின் டிபன் டப்பா பலியானது.

ஒரு ராத்திரி மகள் ஜெர்மேனியம் பக்கம் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் நானும் பால்கனியில். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கு அந்த ரேடியோல வந்துச்சே... இதானா அது?"

முப்பத்துச் சொச்சம் வருஷம். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"ஆமாப்பா. இதேதான்."

"நல்லாத்தாம்ல இருக்கு." கொஞ்சம் விட்டு, "ஸ்பீக்கரு நாப்பத்தஞ்சு ரூவா" என்றார்.

இதோடு அப்பா முலுண்டிலேயே தங்கிவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும், எனக்கும். அப்படி நடக்கவில்லை. ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டார். "இங்க ஒரு கொறையும் இல்லடே. ஆனா என் வீடு அங்கதான் இருக்கு" என்றார். இந்தத் தடவை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். ராத்திரி போன் மணி அடித்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் அது எனக்கில்லை. "ஏட்டி, அந்த ஆறாங்கால்ல எம்புட்டு காட்டுது?" என்று ஸ்பீக்கர் போனில் குரல் கேட்கும். இரண்டு பேரும் அடுத்த பெடல் செய்கிறார்கள். அயர்னைப் பிடிக்க என்னை விடுவதில்லை. ட்ரை சால்டர் வைத்தவன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பி.கு.: நீங்களும் செய்வதானால் பாட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கரண்டில் நேராகக் கை வைக்க வேண்டாம். டிபன் டப்பா எடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.