வெட்டிப் பிழைத்த காடு

எப்பிங் காட்டில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் பயணியை முதலில் எரிச்சலூட்டியவை குதிரைகள். மழையில் சேறான பாதையில் தலைக்கவசம் அணிந்த இருவர் சவாரி வந்தார்கள். நடந்தவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். இது பணக்காரர் காடு என்று அவர் மனம் முடிவுகட்டிவிட்டது. குதிரைக்காரர்கள் வேகம் குறைத்து நன்றி சொல்லிப் போனதுகூட அந்த முடிவை அசைக்கவில்லை.

கிழக்கு லண்டனின் வீடுகளுக்கிடையே தொடங்கி எப்பிங் ஊரைத் தாண்டி ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளும் காடு அது. பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்காவைப்போல் ஒன்பது மடங்கு.

மரங்கள்தான் விநோதம். ஆள் உயரத்துக்கு மேல்வரை பருத்த அடிமரம், அங்கிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் தும்பிக்கைகளாக மேலே போகின்றன. "நோயா?" என்று தேநீர்க் கடையில் அவர் கேட்டது, மேனர் பார்க்கில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம்.

"நோயில்லைப் பிள்ளை, வெட்டு. எங்கட பூவரச வேலியில குழை வெட்டித் தோட்டத்தில தாட்டு உரமாக்குவம். வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும்."

இங்கே வெட்டியவர்கள் லவ்டன் கிராமத்து ஏழைகள். குளிர்காலத்தில் விறகுக்குக் கிளை வெட்டுவது அவர்களின் பழைய உரிமை. 1860களில் நிலப்பிரபு காட்டை வேலியடைத்தார். ஊர்த் தேவாலயப் பாதிரியாரும் அவரேதான். அவ்வூர் தாமஸ் வில்லிங்கேலின் குடும்பம் வேலியை மதிக்காமல் வெட்டியது. 1866இல் அக்குடும்பத்தார் சிறைக்குப் போனார்கள். பிறகு வேலியடைப்புக்கு எதிராக லண்டன் மாநகராட்சி வழக்கில் இறங்கியது. மேனர் பார்க் பக்கம் இடுகாட்டுக்காக அது வாங்கியிருந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. வழக்குக்கு அதுவே பிடிமானம். 1874இல் வென்றது. 1878இல் காட்டை மக்களுக்கென்று காக்கும் சட்டம் வந்தது. பணக்காரர் காடு என்ற எண்ணம் இந்தக் கதையைக் கேட்டபோதுதான் பயணியின் மனத்தில் உடைந்தது.

அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையை முடித்தும் வைத்தது. இழப்பீட்டுப் பணத்தில் லவ்டனில் லாப்பிங் ஹால் என்ற பொதுக்கூடம் எழுந்தது.

"வெட்டை நிறுத்தியது நல்லதுதானே ஐயா?"

"நிப்பாட்டினபடியால்தான் இதுகள் தலைகனத்துப் பிளக்குதுகள்!"

பெரியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெட்டுப்படாத கிளைகள் அடிமரம் தாங்காத அளவுக்குப் பெருத்துவிடுகின்றன. அவற்றின் நிழலில் கீழே செடிகொடிகள் நலிகின்றன. எனவே சில இடங்களில் மறுபடி வெட்டுகிறார்கள். நூறாண்டுக்கு மேல் கைபடாத மரத்தை ஒரேயடியாக மொட்டையடித்தால் பட்டுப்போகக்கூடும். அதனால் ஆண்டுகள் இடைவெளி விட்டுப் படிப்படியாக.

அப்படி வெட்டிய ஒரு ஹார்ன்பீம் மரத்தைப் பெரியவர் காட்டினார். அவருக்குத் திருப்தியில்லை.

"இன்னும் பதிவா வெட்டியிருக்கோணும்."

"மாடு எட்டித் தளிரைத் தின்றுவிடுமே!" என்றார் பயணி. அந்த உயரத்துக்குக் காரணமே அதுதான். நீண்ட கொம்பு மாடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன. பெரியவர் விடவில்லை. இருவரும் இன்னொரு தேநீர் வாங்கிக்கொண்டு வாதத்தைத் தொடர்ந்தார்கள்.