சொல்லாமற் போனவர்கள்

கதையில் வரும் ஒருவன் இறந்ததற்காகக் கண்ணீர் விடுவோரைக் கண்டு நகைக்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாள் இருந்தது. பிறந்தே இராத ஒருவன் எவ்வாறு இறக்க முடியும் என்று கேட்டு, அழுதவர்களை வாயடைக்கச் செய்வோம். அந்த ஏளனத்தை நம்மிடமிருந்து அகற்றியவர் இராயபுரத்தில் வாழும் நம் சாச்சி.

பா. இரஞ்சித் இயக்கிய ‘மெட்ராஸ்’ 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. வியாசர்பாடிக் குடியிருப்பில், ஒரு சுவரைச் சுற்றி மூளும் அரசியல் பகையே அதன் கதை. கதைத் தலைவன் காளியின் உயிர் நண்பனுக்கு அன்பு என்று பெயர். மனைவி மேரியிடம் பிரியமுள்ளவன். அரசியலால் தன் மக்களுக்கு நன்மை தேட விழைபவன். இறுதிவரை உடன் வருவான் என்று நாம் நம்பியிருக்கையில் அவன் வெட்டிக் கொல்லப்படுகிறான். ஆபத்து காளிக்குத்தான் என்று காத்திருந்த கண்களுக்கு அது எதிர்பாராத அடி.

சில ஆண்டுகள் கழித்து அப்படத்தைத் தொலைக்காட்சியில் சாச்சி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்பு சாய்ந்ததும், “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றார் சாச்சி. பிள்ளைகள் சிரித்துவிட்டனர். நாமும் சிரித்தோம். “அந்த நடிகர் நல்லாத்தான் இருக்காரு சாச்சி” என்று வேறு சொன்னோம். அவரோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். “இப்பத்தானே பேசிட்டிருந்தான்... பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டானே.”

சிரிப்பு அடங்கிவிட்டது.

1986ஆம் ஆண்டு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் காலை வேலைக்குச் சென்ற சாச்சா திரும்பவில்லை. பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் அஸருக்குள் அடக்கம் முடிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாமென்று பெரியவர்கள் தடுத்துவிட்டனர். சாச்சி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். அவர் அழுது நாம் கண்டதில்லை. எத்தகைய பொறுமை என்று ஊரே வியந்தது, நாமும் வியந்தோம். அப்பொறுமைக்குள் என்ன இருந்தது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018இல் வந்தது. அதில் ஒரு கொலை நடந்து முடிந்த நிலையிலேயே படம் தொடங்குகிறது. கொல்லப்பட்ட ராஜன், இயக்குநர் அமீர் ஏற்ற பாத்திரம், எத்தகையவன் என்பதைப் பின்னர்தான் அறிகிறோம். நம்பியவர்களே அவனைச் சாய்க்கும் காட்சி நெஞ்சைப் பிழிகிறது. ஆயினும் அவன் பேசும் ஒவ்வொரு சொல்லையும், போகப்போகிறவன் என்று தெரிந்தே செவிமடுத்திருக்கிறோம். அன்புவிடத்தில் அந்த வாய்ப்பு நமக்கு அளிக்கப்படவில்லை. கடைசிச் சிரிப்பு அதுவென அறியாமல், அரைக் கவனத்துடன் பார்த்துவிட்டோம். திடீர் மரணம் துயரத்தோடு இந்தக் குற்றவுணர்வையும் விட்டுச் செல்கிறது.

1893 டிசம்பரில் கானன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் மாளச் செய்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்து கடிதங்கள் எழுதினர். 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினான். கதை எழுதியவனிடம் முறையிடலாம்; மன்றாடினால் அவன் மனம் மாறவும் கூடும். சாச்சிக்கு அப்படியொரு முகவரி இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் அடக்கி வைத்த அழுகைக்கு, எவரும் குறை சொல்ல இயலாத ஓர் இடமாகவே அந்தத் திரை அவருக்கு வாய்த்தது. அங்கும் நாம் சிரித்தோம்.

பிறிதொரு நாள் அதே படம் மீண்டும் வந்தது. பிள்ளைகளில் ஒருவன் பதறி எழுந்து நிறுத்தப் போனான்.

“இருக்கட்டும்பா” என்றார் சாச்சி. “அவன் சிரிச்சுப் பேசற எடத்தையாவது இந்தவாட்டி நல்லாப் பாத்துக்கறேன்.”