599 விக்கெட், 2 டெஸ்ட்

வி.வி.குமாரைப் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. வெங்கட்ராகவனைத் தெரியும், சந்திரசேகரைத் தெரியும். குமார்னு சொன்னா மட்டும் "எந்தக் குமார்?"னு கேக்கறாங்க நம்ம மக்கள்.

சென்னைக்காரர், லெக் ஸ்பின்னர். முதல் தர ஆட்டங்களில் 599 விக்கெட், சராசரி 20 ரன்னுக்கும் கீழே. லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மணிக்கட்டு கொஞ்சம் ஏமாத்தினா பந்து ஃபுல் டாஸா போய் விழும், அடுத்தது பவுண்டரிதான். அதை வச்சுக்கிட்டு இருபது வருஷம் இந்தக் கணக்கு! ஆனா ஆடின டெஸ்ட் இரண்டே இரண்டு.

1961 பிப்ரவரி, டெல்லியில் பாகிஸ்தானோட முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸ்லயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் செய்யணும்? அதே வருஷம் நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்தோட இரண்டாவது டெஸ்ட். அதுல விக்கெட் இல்லை. அவ்வளவுதான். இரண்டே மாசத்துல, சென்னையில் நடந்த டெஸ்ட்ல பிரசன்னா அறிமுகமானார். 1964ல சந்திரசேகர் வந்தார், பின்னாடியே வெங்கட், பேடி. கதவு சாத்தியாச்சு. சொந்த ஊர்ல ஒரு டெஸ்ட் கூட குமாருக்குக் கிடைக்கலை.

ரஞ்சிக் கோப்பையாவது? நம்ம மாநிலம் முதல் தடவை ஜெயிச்சது 1954-55ல, அதுக்கப்புறம்தான் இவர் அணிக்கு வந்தார். அடுத்து ஜெயிச்சது 1987-88ல. இவர் ஓய்வு பெற்றே பத்து வருஷம் ஆகியிருந்தது. நடுவுல 1972-73 ஃபைனல், சேப்பாக்கத்துல. பம்பாய் எடுத்தது 151, 113 தான். நம்மாளுங்க 80, 61. சுருட்டினவர் பத்மாகர் சிவால்கர். 589 விக்கெட் எடுத்த அவருக்கு ஒரு டெஸ்ட் கூட கிடைக்கலைங்கறது தனி சோகம்.

அமெரிக்காவில் பேஸ்பால் அவுட்ஃபீல்டர் ஒருத்தர், மூன்லைட் கிரஹாம். 1905ல பெரிய லீக்ல ஒரே ஒரு ஆட்டம், மட்டையைப் பிடிக்கவே வாய்ப்பு வரலை. அப்புறம் டாக்டராகிட்டார். 1989ல வந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' படத்துல அவர் ஒரு பாத்திரம். குமாருக்கு யார் படம் எடுப்பாங்க?

ஞாயித்துக்கிழமை காலையில தாம்பரம்-பீச் லோக்கல்ல பாருங்க. தோள்ல கிட் பேக்கோட பசங்க குரோம்பேட்டையில ஏறுவாங்க, பல்லாவரத்துல ஏறுவாங்க. கூடவே அப்பாக்கள். "இந்தியாவுக்கு ஆடுவானா சார்?" இதான் பேச்சு. ஆடலைன்னா இத்தனை வருஷ வெயிலும் டிரெயின் டிக்கெட்டும் தண்டம்னு ஒரு முடிவோட இருக்காங்க. பையன் ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பான், பாவம்.

இந்தப் பேச்சைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வி.வி.குமார் ஞாபகம்தான். கதவு சாத்தின பிறகும் அவர் 1976-77 வரைக்கும் ஆடினார். கூட்டமில்லாத மைதானங்கள்ல, பெரிசா காசு இல்லாத காலத்துல, பதினஞ்சு சீசன். இந்தியாவுக்கு எடுத்த 7 விக்கெட்டை மட்டும் வச்சு அவரை அளந்தா, மிச்சம் 592 பேர் அவுட்டானது பொய்யா சார்?

என் வருத்தமெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் ஒரே ஒரு விக்கெட் எடுத்துட்டுப் போயிருக்கலாம் மனுஷன் :)