ஏப்ரல் வந்தால் தூங்காத ஊர்... திராட்சைக்குத் தீ மூட்டும் ஷாப்லி!

பின்னிரவு மூன்று மணி. சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான சுடர்கள் வரிசை வரிசையாக எரிகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நம்ம ஊர் கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அங்கே நடப்பது திருவிழா அல்ல. திராட்சைத் தளிர்கள் குளிரில் கருகிவிடாமல் இருக்க, விவசாயிகள் கண்விழித்துக் காவல் காக்கிறார்கள்.

பிரான்ஸ் நாட்டில், பர்கண்டி பகுதியின் வடகோடியில் இருக்கிறது ஷாப்லி. பாரிஸிலிருந்து சுமார் 180 கி.மீ தூரம். செரேன் என்ற சிற்றாறு, இருபுறமும் சுண்ணாம்புச் சத்துள்ள சரிவுகள், அதில் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை. ஊரின் பெயர்தான் ஒயினுக்கும். 'செரேன்' என்ற பிரெஞ்சு சொல்லுக்கு 'அமைதியான' என்று அர்த்தமாம். ஏப்ரல் மாதத்தில் மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது!

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் கிடையாது. கவாத்து செய்தால் கொடி துளிர்த்துவிடும், வருடத்தில் ஒருமுறைக்கு மேலும் அறுவடை பார்க்கலாம். ஷாப்லியில் ஒரே ஒரு அறுவடைதான். குளிர்காலம் முழுக்கக் கொடி கட்டைபோல உறங்கும். மண் சூடேறியதும், கவாத்து செய்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். 'கொடி அழுகிறது' என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மொட்டு விரியத் தொடங்கும்.

சிக்கலே இங்குதான். மூடிய மொட்டு நல்ல குளிரையும் தாங்கும். விரிந்த தளிருக்கோ மைனஸ் 2 டிகிரியே ஆபத்து. ஆக, குளிரை விட, முன்கூட்டியே வந்து ஏமாற்றும் வெயில்தான் முதல் வில்லன்.

2021-ல் அதுதான் நடந்தது. மார்ச் கடைசியில் கோடைபோல வெயில் அடிக்க, தளிர்கள் அவசரப்பட்டு எட்டிப்பார்த்தன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே பல இடங்களில் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி வரை இறங்கியது. ஷாப்லி மட்டுமல்ல, லுவார், போர்தோ, ரோன் எனப் பெரும்பாலான ஒயின் பகுதிகளும் அடிவாங்கின. பிரான்ஸ் அரசு அதை விவசாயப் பேரிடராக அறிவித்தது. பருவநிலை மாற்றத்தால் இப்படித் துளிர்க்கும் நேரத்தில் உறைபனி தாக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவிகிதம் கூடியிருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பூமி சூடானால் பனி குறையும் என்றுதானே நினைப்போம்!

மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் பயம் அதிகம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். அங்கே பாரஃபின் மெழுகு நிரப்பிய வாளிகளை வைத்துக் கொளுத்துகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 300, 400 வாளிகள் வேண்டும். நாலைந்து இரவுகள் தொடர்ந்தால் செலவு கையைக் கடித்துவிடும்.

இன்னொரு வழி விசித்திரமானது. உறையும் குளிரில் கொடிமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் தளிரை 0 டிகிரிக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான். விடிந்து பனிக்கட்டி உருகும்வரை மோட்டார் ஓடியே ஆகவேண்டும்.

எல்லா ஊரிலும் இதே கதை இல்லை. நியூசிலாந்தின் மார்ல்பரோவில் வசந்தம் வருவதே செப்டம்பரில்தான். அங்கே மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ள ஹெலிகாப்டர்களே பறக்கும். ஸ்பெயினின் ஹெரெஸில் வசந்த மழை வரம். அங்குள்ள வெள்ளை மண் அதை உறிஞ்சிவைத்து, மழையில்லாத கோடையில் கொடிக்கு ஊட்டும்.

ஷாப்லியில் தளிர் கருகினால் கொடி சாகாது. அடுத்த மொட்டு வரும், ஆனால் குலைகள் குறைவு. அதனால், கவாத்தைத் தள்ளிப்போட்டுத் துளிர்ப்பைத் தாமதப்படுத்தவும் சிலர் முயல்கிறார்கள்.

மே 11, 12, 13 தேதிகளை 'பனிப் புனிதர்கள்' நாள்கள் என்கிறார்கள். அது தாண்டும்வரை உறைபனி பயம் போகாது. அதன்பிறகே எரிந்து மிஞ்சிய வாளிகள் மூடிபோட்டுக் கொட்டகைக்குத் திரும்பும். ஜூனில் கொடி பூக்கும். அப்போது எல்லோரும் மழை வரக்கூடாதே என்று வானத்தைப் பார்ப்பார்கள்.