மணலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், 1156-ஆம் ஆண்டு ராவல் ஜெய்சால் நிறுவிய பொன்னிறக் கோட்டையைச் சுற்றி ஜெய்சால்மர் நகரம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் சாம் மணற்குன்றுகளும், தென்மேற்கே சென்றால் குரி என்னும் சிற்றூரும் வரும். டெல்லியிலும் அகமதாபாத்திலும் பணிபுரியும் நம் வாலிபர்களில் சிலர், விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளிலேயே இவ்விடங்களைக் காணச் செல்வதுண்டு. தார்ச்சாலை உள்ளவரை கவலையில்லை. சாலையை விட்டு மணலில் இறங்கியவுடன், அதுவரை கற்றிருந்த ஓட்டும் பழக்கங்களில் பாதி உதவாமற்போகும்.

அன்பான வாசகர்களே, அங்குள்ள ஒட்டகத்தின் பாதத்தைக் கவனித்துப் பாருங்கள். மிருதுவான அகன்ற பாதம், ஊன்றும்போது மேலும் விரிந்து உடலின் பாரத்தைப் பரப்பிவிடுகிறது. ஆகவே அது புதைவதில்லை. டயரில் காற்றைக் குறைப்பதன் நோக்கமும் இதுவே. சாலையில் 30 பவுண்டு அளவில் இருக்கும் காற்றை ஆழ்ந்த மணலில் 18 பவுண்டு அளவுக்குக் குறைத்தால், டயர் பரந்து பதியும். அதற்கும் மிகக் குறைத்தால் டயர் விளிம்பில் நழுவி, ட்யூபின் வால்வு அறுந்துபோகக்கூடும். மீண்டும் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். எனவே கையில் ஒரு பம்பு அவசியம்.

ஓட்டும்போது கால்மிதிகளின்மேல் எழுந்து நின்று, உடலின் பாரத்தைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுசெல்லுங்கள். அப்பொழுது முன்சக்கரம் இலேசாகி மணலின்மேல் மிதந்து செல்லும். ஹேண்டில்பார் சிறிது அசைந்தாடும். அதை இறுகப் பிடித்து அடக்க முயலாதீர்கள். ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்துங்கள். அச்சத்தினால் திடீரென்று வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதைந்துவிடும்.

ஓட்டுவதைவிடக் கடினமானது நிறுத்துவது. முன்பிரேக்கைப் பிடித்தால், குறிப்பாக ஹேண்டில்பார் திரும்பியிருக்கையில், வண்டி சாய்ந்துவிடும். நேராகச் செல்லும்போதே ஆக்சிலேட்டரை விட்டால் போதும், மணலே வண்டியை நிறுத்திவிடும். ஆனால் எங்கே நிற்பது என்பதை முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். புல் முளைத்த இறுகிய தரை, அல்லது மீண்டும் புறப்பட எளிதான இறக்கம் ஏற்றது. காற்று வீசும் பக்கத்துச் சரிவு இறுகியிருக்கும். மறுபக்கமோ செங்குத்தாகவும் தளர்வாகவும் இருக்கும். ஆகையால் அப்பக்கத்தைக் காணாமல் குன்றின் உச்சியைக் கடக்கலாகாது. நின்றபின், சைடு ஸ்டாண்டு புதையாதபடி அதன் கீழே ஒரு தட்டைக் கல்லையோ பலகைத் துண்டையோ வையுங்கள்.

சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். முறுக்க முறுக்கப் பள்ளம் ஆழமாகும், கிளட்சும் கருகும். வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பள்ளத்தை மணலால் நிரப்பி, மீண்டும் நிமிர்த்துங்கள். பின்பு முதல் கியரில் அதன் அருகே நடந்தபடியே மெதுவாக வெளியே கொண்டுவரலாம்.

இவ்வளவு கவனம் ஏன்? மே மாதத்தில் இங்கு வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அந்த வெயிலில் வண்டியைத் தூக்கிப் போராடுகிறவனின் உடல், தண்ணீரை வெகுவிரைவில் இழந்துவிடும். தனிமையில் வண்டிக்கடியில் கால் சிக்கினால், சூடான சைலன்சரும் மேலே எரியும் வெயிலும் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே குளிர்காலத்தில், மணல் குளிர்ந்து சற்று இறுகியிருக்கும் அதிகாலையில், குறைந்தது இரண்டு வண்டிகளாகச் செல்லுங்கள். ஆளுக்குப் போதிய தண்ணீர் இருக்கட்டும். செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் கிராமத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வீட்டில் காத்திருப்போருக்கு நீங்கள் செய்யும் முதல் கடமை அது.