அறுந்தால் முடி

கோர்வைத் தறியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் வேலை நடக்காது. உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு என்று நிறம் பிரிந்துவிட்டால் மூன்று நாடா ஓட வேண்டும். நடுவில் உடலுக்கு ஒன்று, கரைக்குப் பக்கத்துக்கு ஒன்று. நெசவாளி குழிக்குள் காலை விட்டு நடுவில் இருப்பார். ஓரத்தில் ஓர் ஆள் இருந்து கரை நாடாவைப் பார்த்துக்கொள்வார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பெரியப்பா வீட்டுத் தறியில் அந்த ஓரத்து ஆள் நான். ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் சும்மா கிடந்தவனை, "வந்து கரை இழுடா, தின்ன சோறாவது செரிக்கும்" என்று கூப்பிட்டவர் அவர்.

உடலின் குறுக்கு இழையான ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றில் ஒன்று மாட்டித் திரும்புகிற இடம்தான் கோர்வை. இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும். தளர விட்டால் கண்ணி கண்ணியாகத் துருத்தும். அது ஒரு மாதிரி கைக்கு வந்துவிடுகிறது. வராதது, இழை அறுகிறபோது வருகிற எரிச்சலை அடக்குவது.

பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற பட்டு இழை, அறுந்துகொண்டேதான் இருக்கும். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று போனால் என்ன என்று விட முடியாது. விட்டால் சேலை நெடுகக் கோடு விழும். தறியை நிறுத்த வேண்டும். விழுதுக்குப் பின்னால் தொங்குகிற முனையைத் தேடிப் பிடித்து, அதே நிறத்தில் ஒரு துண்டு நூலை முடிய வேண்டும். பிறகு அதை அதற்குரிய விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சில் அதற்குரிய பல்லில் இழுத்து, நெய்த துணியோடு சேர்த்து நிறுத்த வேண்டும். பக்கத்துப் பல்லில் போனால் அதற்கும் ஒரு கோடு. பட்டு வழுக்கும். விரல் வியர்த்தால் இன்னும் வழுக்கும்.

பெரியப்பாவுக்கு இந்த நேரத்தில் முகம் மாறவே மாறாது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அது பாட்டுக்குத் தொடரும், கை முடிந்துகொண்டிருக்கும். "எப்படிப் பெரிப்பா கோவமே வரல?" என்றேன் ஒரு நாள். "நெய்யறது ஒரு வேலை, முடியறது வேற வேலைன்னு நெனைக்கறே பாரு, அதான் உனக்குக் கஷ்டம். ரெண்டும் ஒரே கூலிதான்டா" என்றார்.

நம்பிக்கையோடு இரு, எல்லாம் நல்லதாக நடக்கும் என்று பேசுகிறவர்களைக் கைப்பேசியில் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் தறியில் உட்கார்ந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. இழை அறுந்துபோகாது என்று பெரியப்பா ஒரு நாளும் நம்பியதில்லை. அறுந்துபோகும் என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் மஞ்சளில் ஒரு கொத்து, அரக்கில் ஒரு கொத்து என்று நூலைக் கை எட்டுகிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அவருடைய உற்சாகம் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் சோதனை வேறு மாதிரி. குழியில் ஈரம் ஊறும். பட்டு நமுத்துப்போய்ப் பாவு தொய்யும். பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, காயவிட்டு எடுக்கத் தெருவும் வேண்டும், வெயிலும் வேண்டும், இரண்டும் கிடைக்காது. தறி நின்றால் கூலியும் நிற்கும். அப்போது பெரியம்மா ராட்டையை எடுத்துவைத்துத் தார் சுற்றுவார். பெரியப்பா நாடாக்களைத் துடைத்து, தேய்ந்த கயிறுகளை மாற்றுவார். இரண்டு பேரும் மழையைத் திட்டிக்கொண்டேதான் செய்வார்கள். திட்டாமல் இருப்பதுதான் நல்ல மனநிலை என்று யார் சொன்னது?

ஒன்றை மட்டும் அவர் சிரித்துக்கொண்டு பொறுத்துப்போவதில்லை. கூலி. தங்கமும் வெள்ளியும் ஏறினால் ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினால் சேலை ஏறும். நெய்கிறவனின் கூலி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கும். அவருடைய மகன்கள் இருவரும் தறிப் பக்கம் வராததற்கு அதுதான் காரணம், மனநிலை அல்ல. அவரும் அவர்களைக் குறை சொல்வதில்லை. என்னிடமும், "கத்துக்கோ, ஆனா கம்பெனிக்கு மனு போடறத நிறுத்தாதே" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்.

போன பாவில் மூன்று சேலை இறங்கியது. மூன்றாவதில் கரையோரம் ஒரு சின்னக் கறை என்று சொல்லி, சேலை வாங்குகிறவர் கூலியில் பிடித்துக்கொண்டார். அது நம் வீட்டுக் கறை இல்லை, மடித்து வாங்கும்போது இல்லாதது என்பது பெரியப்பாவின் வாதம். அறுந்த இழைக்கு உயராத குரல் அன்று தெருக்கோடி வரை கேட்டது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாள், அங்கே பாக்கி உள்ள இன்னும் இரண்டு நெசவாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார். பிடித்ததில் பாதி வந்திருக்கிறது. மீதிக்கு வெள்ளிக்கிழமை போகிறோம். கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் வர வேண்டுமாம்.