ஒரு டிக்கெட், ஐந்து முத்திரை

ஜப்பானில் ரயில் என்றாலே எல்லோருக்கும் ஷின்கான்சென்தான் நினைவுக்கு வரும். 1964-ல் ஓடத் தொடங்கிய புல்லட் ரயில். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு இரண்டரை மணி நேரம்தான். ஆனால் போய்வர ஏறக்குறைய 28,000 யென்! மாணவன் பர்ஸ் தாங்காது. அதனால் நாங்கள் நம்புவது 'செய்ஷுன் 18' டிக்கெட்டை. செய்ஷுன் என்றால் இளமை. பெயரில் 18 இருந்தாலும் எண்பது வயதுத் தாத்தாவும் வாங்கலாம். விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். ஜேஆர் சாதாரண ரயில்களில் நாள் முழுக்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

முன்பெல்லாம் அதில் இன்னொரு விசேஷம் உண்டு. 12,050 யென் டிக்கெட்டில் ஐந்து முத்திரைக்கு இடம் இருக்கும். ஒருவர் ஐந்து நாள் போகலாம், அல்லது ஐந்து பேர் ஒரே நாளில் போகலாம். மொழிப்பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், 2023 கோடையில் அப்படித்தான் நிக்கோ போனோம். நேபாளிகள் இருவர், இந்தோனேசியாக்காரன் ஒருவன், வியட்நாம் தோழி, நான். ஆளுக்கு 2,410 யென். பொது மொழி, அரைகுறை ஜப்பானியம். டிக்கெட் ஒன்றுதான் என்பதால் ஒருத்தர் லேட் என்றால் ஐந்து பேரும் வாசலிலேயே நிற்க வேண்டும். எத்தனை சண்டை!

2024 குளிர்கால விற்பனையிலிருந்து விதி மாறிவிட்டது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஆள். நாட்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு 10,000 யென். முத்திரை கிடையாது, தானியங்கிக் கதவில் போட்டால் திறக்கும்.

அதற்குள் நாங்களும் சிதறிவிட்டோம். இந்தோனேசியாக்காரன் ஊருக்கே போய்விட்டான். வியட்நாம் தோழி ஒசாகாவில். அவளும் ஏப்ரலில் கிளம்புகிறாள் என்றதும், 2025 மார்ச்சில் மூன்று நாள் டிக்கெட் எடுத்தேன்.

விடியற்காலையில் டோக்கியோவில் ஏறி, அதாமியில் மாறி, ஷிசுவோகா மாவட்டத்தைக் கடப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. மாவட்டம் அவ்வளவு நீளம்! ஃபுஜி மலையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், அன்றைக்கு அதுவும் மேகத்துக்குள். நகோயாவில் முதல் நேபாளி ஏறினான். ஒகாகியில் ரயில் மாறும்போது எல்லோரும் இடம் பிடிக்க ஓடுவார்கள். நம்மூர் பஸ் மாதிரி துண்டு போட முடியாதே! அவன் முன்னால் ஓடி எனக்கும் சேர்த்து உட்கார்ந்துகொண்டான். மைபராவில் கடைசி மாற்றம். ஒசாகா சேரும்போது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தோழி ஸ்டேஷனில் காத்திருந்தாள். ஹிரோஷிமாவிலிருந்து வரும் இன்னொரு நேபாளி மட்டும் லேட். கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், அவனுக்கு வழி தெரியும். இப்போது தனித்தனி டிக்கெட் வேறு. இருந்தும் யாரும் நகரவில்லை. முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்று, அவன் வந்ததும் பழையபடி திட்டினோம்.

அப்புறம் ஒகோனோமியாகி கடையில் அவள் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். நிக்கோ போன அந்த டிக்கெட்! ஒரே தேதியில் ஐந்து முத்திரை. ஸ்டேஷனில் கேட்டு வாங்கி வைத்திருந்தாளாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கி.மீ. ரயில் பாதை இருக்கிறது. அடுத்த சந்திப்பு அங்கேதான், இந்தோனேசியாக்காரனும் வருகிறானாம். இப்போதிருந்தே காசு சேர்க்க வேண்டும்.